“என் பால்தான் காரணமா, டாக்டர்?”

ஒரு வாசகியின் நீண்ட கடிதம். அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 29 வயது. முதல் பிள்ளை ஆண். நல்ல எடையோடு பிறந்து, நன்றாகப் பால் குடித்து, 4ஆம் நாள் உடம்பு மஞ்சள் பூத்து, அப்புறம் குடித்ததையெல்லாம் கக்க ஆரம்பித்து, 11ஆம் நாள் போய்விட்டான். ரத்தத்தில் கிருமி என்றார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை. அதே மஞ்சள், அதே வாந்தி. இந்த முறை ஒரு டாக்டர் உடனே பாலை நிறுத்தச் சொல்லி ரத்தம் எடுத்து அனுப்ப, 9ஆம் நாள் ‘கேலக்டோசீமியா’ என்று பதில் வந்தது. இப்போது அவளுக்கு 7 மாதம். சோயா பவுடர் குடிக்கிறாள், எடை கூடுகிறது, ஆளைப் பார்த்தால் சிரிக்கிறாள்.

வீட்டில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்கிறார் மாமியார். நாத்தனார், ‘லாக்டோஸ் இல்லாத பால்’ என்று அச்சடித்த ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். தெரிந்தவர் ஒருவரின் குழந்தைக்கும் இதே நோய் இருந்ததாம், ஒரு வயதுக்கு மேல் சரியாகிப் பால் குடிக்கிறதாம். ‘எங்கள் வழியில் இப்படி யாருக்கும் கிடையாது’ என்று சொல்லிக் கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். உறவில் கல்யாணம் செய்யாதவர்களுக்குப் பரம்பரை நோய் எப்படி வரும் என்ற சந்தேகம் கடிதம் எழுதியவருக்கே இருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு டாக்டர், ஏழு மாதக் குழந்தையைப் பார்த்து, ‘இவளுக்குப் பின்னால் குழந்தை பிறப்பது கஷ்டம்’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு குழந்தை வேண்டும் என்ற ஆசையும் உண்டு, பயமும் உண்டு. முதல் பிள்ளையின் மருத்துவமனைக் காகிதங்கள் ஒரு கவரில் அலமாரியில் இருக்கின்றன, இன்றுவரை பிரிக்கவில்லை என்கிறார். கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றேதான்: என் பால்தான் என் பிள்ளையைக் கொன்றதா?

அன்புள்ள சகோதரி,

அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதைச் சுற்றி வளைத்துப் போனால் மற்ற எதையும் நீங்கள் மனசு வைத்துப் படிக்க மாட்டீர்கள். ‘பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, பாலை நிறுத்திய பிறகு மகள் தேறியதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். குடலுக்குள் போனதும் அது குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். குளுக்கோஸ் அப்படியே பயன்படும். கேலக்டோஸைக் கல்லீரல் படிப்படியாக மாற்றித்தான் பயன்படுத்த முடியும். அந்தப் படிகளுக்கு லெலுவார் பாதை என்று பெயர், இந்த வேலைக்காக 1970இல் வேதியியல் நோபல் வாங்கிய அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவார் பெயரில். அந்தப் பாதையின் இரண்டாவது படியில் ‘கேல்ட்’ என்ற நொதி நிற்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த ஆள் வேலைக்கே வரவில்லை. அதனால் பாதி மாறிய சரக்கு, கேலக்டோஸ்-1-பாஸ்பேட், கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் தேங்குகிறது. இன்னொரு பக்கம் கேலக்டோஸ் வேறு வழியில் கேலக்டிட்டால் என்ற பொருளாக மாறிக் கண் வில்லையில் தங்கி, தண்ணீரை இழுத்துக் கண்புரையை உண்டாக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் விழிக்குள் ஒரு எண்ணெய்த் துளி மிதப்பது போலத் தெரியும். சீக்கிரம் பாலை நிறுத்தினால் அந்தத் துளி பெரும்பாலும் கரைந்துவிடும்.

இனி உங்கள் பால். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆட்டுப்பாலிலும் உண்டு, கடையில் கிடைக்கும் வழக்கமான குழந்தைப் பவுடர்களிலும் உண்டு. உங்களுக்குப் பால் சுரக்காமல் போயிருந்து வேறு யாராவது அவனுக்குப் பாலூட்டியிருந்தாலும், பவுடர் கரைத்துக் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அவனால் எந்தப் பாலையும் தாங்க முடியவில்லை. அது பாலின் குற்றமோ கொடுத்தவரின் குற்றமோ கிடையாது. அவனுக்கு அந்த நோய் இருந்தது, அது இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

‘இருந்தது’ என்று நான் எழுதுவது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். ‘ரத்தத்தில் கிருமி’ என்று உங்களிடம் சொன்னது பொய்யாக இருக்காது. சிகிச்சை தொடங்காத கேலக்டோசீமியா குழந்தைகளுக்கு, முக்கியமாக ஈ.கோலை என்ற கிருமி ரத்தத்தில் ஏறுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சிக்கல் என்னவென்றால், கிருமி கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லோரும் கிருமியின் பின்னால் ஓடிவிடுவோம். அதற்குக் கதவைத் திறந்துவிட்டது எது என்று கேட்க அந்த இரண்டு மூன்று நாளில் ஒருவருக்கும் நேரம் இருக்காது.

நான் இந்த நோயை முதலில் பார்த்தது ஒரு பரிசோதனைக் குழாயில். பயிற்சி டாக்டராக இருந்த காலம். நீல நிற பெனடிக்ட் கரைசலில் குழந்தையின் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வரும். வந்தது. அதே சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பட்டையைத் தோய்த்தோம், அது நிறமே மாறவில்லை. ஒன்று சர்க்கரை இருக்கிறது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. பட்டை கெட்டுப்போய்விட்டது என்று நான் அதைத் தூக்கிப் போடப் போனேன். என் சீனியர் கையைப் பிடித்து நிறுத்தினார். பட்டைக்குக் குளுக்கோஸை மட்டும்தான் தெரியும், இது வேறு சர்க்கரை என்று சொல்லிவிட்டு, நேராக வார்டுக்குப் போய்ப் பாலை நிறுத்தச் சொன்னார். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவில்லை. இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வரவும் முடியாது. குழந்தை சில நாளாகப் பால் குடிக்காமல் குளுக்கோஸ் டிரிப்பில் இருந்தால் சிறுநீரில் எதுவுமே தெரியாது, உறுதி செய்ய ரத்தத்தில் நொதியைத்தான் அளக்க வேண்டும். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சந்தேகப்பட்டுத் தேடினால்தான் அகப்படும் நோய் இது. பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கும் இடங்களில்கூட, முடிவு வருவதற்குள் சில குழந்தைகள் படுத்துவிடுகின்றன. மருத்துவமனைக்கே தெரியாததை வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் எப்படிக் கண்டுபிடித்திருப்பீர்கள்?

வீட்டில் சொல்லும் பால் யோசனைகள்

நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் வாங்கி வந்திருக்கிறார், அவரிடம் கோபப்படாதீர்கள். ஆனால் அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ‘லாக்டோஸ் இல்லாத பால்’ என்றால் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பாலில் ஒரு நொதியைச் சேர்த்து லாக்டோஸை முன்கூட்டியே இரண்டாக உடைத்து வைக்கிறார்கள். உடைந்தால் வருவது குளுக்கோஸும் கேலக்டோஸும். அதாவது நமக்கு எது ஆகாதோ அது முழுசாக உள்ளேயே இருக்கிறது, பெயர்தான் அட்டையிலிருந்து போயிருக்கிறது. பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு வருபவர்களுக்காக வந்த பால் அது. அவர்கள் பிரச்சினை குடலோடு முடிந்துவிடும், உங்கள் மகளின் பிரச்சினை குடலைத் தாண்டி ஆரம்பிக்கிறது.

மாமியார் சொல்லும் பழக்கப்படுத்தல் சில ஒவ்வாமைகளுக்கு, அதுவும் டாக்டர் மேற்பார்வையில் செய்வது. இது ஒவ்வாமை கிடையாது. இல்லாத நொதி பழக்கத்தால் வந்துவிடாது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று கூட்டிக்கொண்டே போனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே தேங்கிக்கொண்டே போகும். இது வாழ்நாள் முழுக்க இருக்கும் நோய், வயது ஏறினால் விட்டுப் போகாது.

அப்படியானால் தெரிந்தவர் குழந்தை எப்படிப் பால் குடிக்கிறது? அந்தக் குழந்தைக்கு வெறும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை இருந்திருக்கலாம். அல்லது ‘டுவார்ட்’ என்ற லேசான வகையாக இருக்கலாம். அதில் நொதி சுமார் கால் பங்கு வேலை செய்யும். அந்தக் குழந்தைகள் பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பெயர் ஒன்று, நோய் வேறு. உங்கள் மகளின் ரிப்போர்ட்டில் நொதி எத்தனை சதவீதம், மரபணுவில் என்ன மாற்றங்கள் என்ற இரண்டையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு யார் எந்தக் கதை சொன்னாலும் அந்த இரண்டு வரி உங்களுக்குப் பதில் சொல்லும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சோயா என்றதும் பெரியவர்கள் குடிக்கும் சோயா பானம், மற்ற தாவரப் பானங்கள் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வயதுக்குள் குழந்தைக்கென்று தயாரித்த சோயா பவுடர் மட்டும்தான். மற்றவற்றில் ஒரு குழந்தை வளரத் தேவையானது இல்லை.

அட்டையைப் படிப்பது

7 மாதம் ஆகிவிட்டதால் திட உணவு தொடங்கியிருப்பீர்கள். பால், தயிர், வெண்ணெய், பால் பவுடர், மோர்ப் பவுடர் சேர்ந்த எதுவும் கூடாது. சில பழம், காய்கறி, பயறுகளில் கொஞ்சம் கேலக்டோஸ் உண்டு என்று இணையத்தில் பழைய பட்டியல்கள் சுற்றுகின்றன. அவற்றைப் பார்த்துப் பயந்து குழந்தையின் தட்டைக் காலியாக்காதீர்கள். 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பழம், காய்கறி, பயறு எதையும் விலக்கச் சொல்லவில்லை. நன்றாக முற்றிய சில பாலாடைக்கட்டிகளைக்கூட அனுமதிக்கிறது, ஆனால் எது என்பதை உங்கள் டயட்டீஷியன்தான் முடிவு செய்ய வேண்டும். பால் இல்லாததால் கால்சியமும் வைட்டமின் டியும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எலும்பு விஷயம்.

மாத்திரை, பொட்டல மருந்துகளில் லாக்டோஸை நிரப்புப் பொருளாகச் சேர்ப்பது சகஜம். ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் கேளுங்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லாக்டுலோஸ் சிரப் வேண்டாம், அதன் உடம்பிலேயே கேலக்டோஸ் இருக்கிறது. அதற்காகத் தடுப்பூசி எதையும் தள்ளிப் போடாதீர்கள். அவசரத்தில் உயிர்காக்கும் மருந்தில் துளி லாக்டோஸ் இருக்கிறது என்று சொல்லி மறுக்கவும் வேண்டாம். இன்னொரு சின்ன விஷயம்: வீட்டில் விரல் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவிகளில் சில வகை, கேலக்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணி அதிகமாகக் காட்டிவிடும். உண்மையில் சர்க்கரை தாழ்ந்திருப்பது அதில் மறைந்துபோகலாம். அவசரப் பிரிவுக்குப் போனால் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் வருவது

இந்தப் பதிலில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பிள்ளை பிறந்ததிலிருந்து அவன் வாயில் போன ஒவ்வொன்றும் அதில் இருந்தது, தேதி, நேரம், அளவு, அட்டையில் எழுதியிருந்தது என்ன என்பது வரை. பையனுக்கு மூன்று வயது, பேச்சு சரியாக வரவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. யாருடைய பிறந்தநாளிலோ உறவினர் ஒருவர் இவர் பார்க்காத நேரத்தில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் ஊட்டிவிட்டார். ‘இதனால்தானே டாக்டர்?’ என்று கேட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அந்த வட்டத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதனால் இல்லை. நம் உடம்பே கேலக்டோஸைத் தயாரிக்கிறது. ஜெரார்ட் பெர்ரி என்ற டாக்டரும் அவர் குழுவும் 1995இல் இதை அளந்து காட்டினார்கள். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் அளவுக்குத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. குழந்தைகளின் உடம்பு, எடைக்கு எடை பார்த்தால், இதைவிட அதிகம் தயாரிக்கிறது. பாலை நிறுத்தினால் உயிர் பிழைக்கும், கல்லீரல் தேறும், கண் தெளியும். ஆனால் உள்ளே ஊறும் கேலக்டோஸை எந்த டயட்டாலும் நிறுத்த முடியாது. பின்னால் வரும் பேச்சுத் தடுமாற்றம், படிப்பில் சிரமம், சிலருக்குக் கை நடுக்கம், பெண்களுக்குச் சூல்பைக் கோளாறு இவையெல்லாம் முதல் வாரத்திலேயே பாலை நிறுத்தி ஒரு துளி தவறாமல் வளர்த்த குழந்தைகளுக்கும் வருகின்றன. ஏன் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை என்பதற்கு முழு விடை இன்னும் மருத்துவத்திடம் இல்லை.

இதைப் படித்து நீங்கள் சோர்ந்துபோகலாம். நான் சொல்ல வருவது வேறு. உங்கள் பயம் முழுவதையும் டப்பா அட்டைகளின் மேல் கொட்டாதீர்கள், கொஞ்சத்தை எடுத்துக் குழந்தையின் பேச்சின் மேல் வையுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு வருவது வெறும் பேச்சுத் தாமதம் கிடையாது. சொல்ல வேண்டிய சொல் மனதில் இருக்கும், அதற்கு உதடும் நாக்கும் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்ற உத்தரவு சரியாகப் போகாது. ஒரே சொல்லை மூன்று முறை மூன்று விதமாகச் சொல்வார்கள். ‘போகப் போகப் பேசிவிடும்’ என்று காத்திருந்தால் பயிற்சிக்கு நல்ல பலன் கிடைக்கும் வருடங்கள் போய்விடும். 7 முதல் 12 மாதத்துக்குள் முதல் பேச்சுப் பரிசோதனை, அப்புறம் 2, 3, 5 வயதுகளில் மீண்டும் என்பது அந்த 2017 வழிகாட்டுதலின் கணக்கு. அதாவது உங்கள் மகளுக்கு இப்போதே நேரம். சிரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாபா, மாமா என்று அடுக்கிச் சத்தம் போடுகிறாளா, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறாளா என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டு ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு நோட்டுப் போடுவதைவிட இதற்கு ஒன்று போடுங்கள்.

அறிவு வளர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். கூட்டமாக எடுத்துச் சராசரி பார்த்தால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது, ஆனால் ஒருவருக்கொருவர் வித்தியாசம் மிகப் பெரிது. படித்து வேலைக்குப் போய்த் தனியாக வாழ்பவர்களும் உண்டு, கூட இருந்து உதவி தேவைப்படுபவர்களும் உண்டு. 7 மாதக் குழந்தையைப் பார்த்து இவள் எந்தப் பக்கம் என்று சொல்பவரை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும் சரி.

புது மாத்திரை வந்துவிட்டதா என்றும் ஒரு வரி இருந்தது. கோவோரெஸ்டாட் என்ற மருந்தை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேலக்டோஸ் கேலக்டிட்டாலாக மாறுவதைத் தடுக்கும் மருந்து அது. 2024 இறுதியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி தராமல் திருப்பி அனுப்பியது. அதை நம்பி டயட்டைத் தளர்த்த வேண்டாம்.

‘குழந்தை பிறப்பது கஷ்டம்’

அந்த டாக்டர் சொன்னது பொய்யில்லை, சொன்ன விதம்தான் சரியில்லை. இந்த நோயுள்ள பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சூல்பை சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது. சிலருக்குப் பருவமடைவதே ஹார்மோன் உதவியோடுதான் நடக்கும், சிலருக்கு மாதவிடாய் வந்து சில வருடங்களில் நின்றுவிடும். அதே சமயம், சூல்பை ஓய்ந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகும் தானாகவே கருத்தரித்துப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ‘கஷ்டம்’ சரி, ‘முடியாது’ என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. 12 வயதில் உடலில் பருவ மாற்றம் தெரியவில்லை என்றாலோ, 14 வயதில் மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை என்றாலோ ஹார்மோன் பரிசோதனை செய்வார்கள், தேவையானால் அந்த வயதுக்கான ஹார்மோனைச் சிறு அளவில் தொடங்குவார்கள். சூல்பைத் திசுவை இப்போதே எடுத்து உறைய வைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஆய்வு முறையாக நடக்கும் இடத்தில் தவிர அது வழக்கமான சிகிச்சை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அவளுக்கு விவரம் தெரியும் வயதில் இதை அவளிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், கல்யாணப் பேச்சு வரும்போது வேறு யார் வாயிலிருந்தோ அவள் கேட்கக் கூடாது. அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

யார் வழியில் வந்தது

உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

கேல்ட் நொதிக்கான மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தால் ஒன்றுமே தெரியாது, மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் இருவரும் அப்படித்தான் இருக்கிறீர்கள், ஆளுக்கு ஒரு நல்ல பிரதி, ஒரு பழுது. இரண்டும் பழுதானால்தான் நோய். எனவே ‘எங்கள் வழியில் யாருக்கும் இல்லை’ என்பது உண்மைதான், உங்கள் வழியிலும் யாருக்கும் இருந்திருக்காது. பழுதான ஒற்றைப் பிரதி தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் வந்துகொண்டே இருக்கும். பல நாடுகளில் இந்த நோய் 40,000 முதல் 60,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் அங்கெல்லாம் நூற்றுப் பத்துப் பேரில் ஒருவர் போல இந்தப் பழுதைச் சுமக்கிறார்கள். உறவில் மணந்தால் இரண்டு பழுதுகள் சந்திக்கும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். உறவே இல்லாத இருவரிடமும் அது இருக்கலாம்.

கணவர் பரிசோதனைக்கு வராவிட்டால் உண்மை மறைந்துவிடாது. மகளின் ரிப்போர்ட்தான் அவருடைய ரிப்போர்ட். அவள் உடம்பில் இருக்கும் இரண்டு பழுதுகளில் ஒன்று அவர் கொடுத்தது, ஒன்று நீங்கள் கொடுத்தது, தெரிந்து யாரும் கொடுக்கவில்லை. பிறகு எதற்குப் பரிசோதனை என்றால், எந்த மாற்றம் யாரிடமிருந்து வந்தது என்பது உறுதியானால்தான் அடுத்த கர்ப்பத்தில் சிசுவைச் சோதிக்க முடியும். பழி போடுவதற்கு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். மரபணு ஆலோசகரிடம் முதல் தடவை அவரைத் தனியாகவே பேச விடுங்கள். ஆண்கள் பலர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டுக் குலுக்கல், ‘இரண்டு பேருக்கு வந்துவிட்டது, இனி வராது’ என்ற கணக்கு இதில் செல்லாது. வழிகள் மூன்று. கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலோ சோதிக்கலாம், கருச்சிதைவு ஆபத்து சிறிது உண்டு. முடிவு வந்த பிறகு என்ன செய்வது என்பதில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சோதனைக் குழாய் முறையில் கருவைச் சோதித்துப் பாதிப்பில்லாததை வைப்பது. செலவும் அலைச்சலும் அதிகம். மூன்றாவது, கர்ப்பத்தில் எதுவும் சோதிக்காமல், பிறந்த முதல் மணியிலிருந்தே தயாராக இருப்பது. எது சரி என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் இருவர் முடிவு. ஆனால் உங்கள் இரண்டு பிரசவத்திலும் இல்லாத ஒன்று இந்த முறை இருக்கும். எதைத் தேட வேண்டும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும்.

கர்ப்பமாக இருக்கும்போது நீங்கள் பாலை நிறுத்த வேண்டுமா? வேண்டாம், அதனால் சிசுவுக்கு நன்மை உண்டு என்று நிரூபணமாகவில்லை. பிறந்ததும் ரத்த மாதிரி எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை சோயா பவுடர். குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால், ஏற்றுவதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏற்றிய ரத்தத்தில் இருப்பது வேறொருவரின் நொதி, மூன்று நான்கு மாதம்வரை பொய்யாக ‘நார்மல்’ காட்டும். அந்த நாட்களில் உங்கள் பாலைப் பீய்ச்சி, தேதி எழுதி உறைய வையுங்கள். நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு, அந்தக் குழந்தை அதைக் குடிக்கலாம்.

கடைசியாக அலமாரியில் இருக்கும் அந்தக் கவர். அதை நீங்கள் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரபணு ஆலோசகரைப் பார்க்கப் போகும் நாளில் ஒட்டியது ஒட்டியபடியே எடுத்துப் போய் அவர் கையில் கொடுங்கள். உள்ளே எந்தக் கிருமி வளர்ந்தது என்று ஒரு வரி இருக்கும், கல்லீரல் அளவுகள் இருக்கும். அவனுடைய குதிகால் ரத்தத்தைத் தாளில் எடுத்து எங்காவது சேமித்திருக்கிறார்களா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள், இருந்தால் அதில் இன்னும் சோதிக்க முடியலாம். அவர் படித்து முடித்ததும் இரண்டு பெயர்களில் எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வெறும் கிருமியா, இல்லை தங்கைக்கு வந்ததேதானா. மற்றதைக் கேட்கத் தோன்றும்போது கேட்கலாம்.